பன்றித் தலைக்கு முன் வைத்த பொடி

பியோவை எனக்குப் பிடிக்காது. இதை மூடி மறைத்தால் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கும் என்னைப் பிடிக்காது. சாங்வொனில் எங்கள் ஆய்வகத்தின் மூன்று மாடிக்கும் இது தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் சோறு போடும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் கிம்ச்சி இன்னும் கொஞ்சம் புளித்துப்போகும் என்பார் அந்த அம்மா.

சண்டை வயதில் ஆரம்பித்தது. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் அவனைவிட ஒரு வயது மூத்தவள். அவனோ பிப்ரவரியில் பிறந்தவன். பிப்ரவரிப் பிள்ளைகளை அந்தக் காலத்தில் ஒரு வருடம் முந்தியே பள்ளியில் போட்டுவிடுவார்கள். ஆகவே தானும் என் செட்டுதான் என்று வந்த முதல் நாளே என்னை 'நீ' என்று கூப்பிட்டான்.

"அக்கான்னு கூப்பிடு. வாய் வலிச்சா தக் டாக்டர்னு கூப்பிடு," என்றேன். தக் என் குடும்பப் பெயர்.

"எந்த ஊரு அக்கா? நீ படிச்ச வருஷம்தான் நானும் படிச்சேன். உன் கிளாஸ் பசங்கள்லாம் எனக்குக் கூட்டாளிங்க," என்றான்.

அன்று பிடித்த சனி.

நான் பொடி செய்கிறவள். அவன் அந்தப் பொடியை அழுத்தி வில்லையாக்குகிறவன். ஏவுகணையின் மூக்கில் ஒரு கண் உண்டு. எதிரே போகிறதன் சூட்டைப் பார்த்துப் பின்தொடரும் கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு ஜன்னல் வேண்டும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும். சூட்டுக் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, மறித்துவிடும். எங்கள் பீங்கான் வில்லை நேர் எதிர். நம் கண்ணுக்குப் பால் ஆடை மாதிரி மங்கலாக இருக்கும், அந்தக் கதிருக்கோ திறந்து போட்ட வாசல். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குருணையும் கதிரின் காலைத் தடுக்காத அளவுக்கு நுண்ணியதாக இருக்க வேண்டும். 'நானோ' அளவு என்பது அதுதான்.

யிட்ரியம் உப்பையும் மக்னீசியம் உப்பையும் தண்ணீரில் கரைத்து, சிட்ரிக் அமிலம் சேர்த்து, பாகு பதம் வரும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். அது பொங்கி நுரைத்துக் கருகும். அதை உலையில் வாட்டினால் அரிசி மாவைவிட மெல்லிய வெள்ளைப் பொடி கிடைக்கும். சொல்லுவதற்கு நாலு வரி. பதம் தப்பாமல் எடுப்பதற்குள் எனக்கு ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் போயிற்று. இரண்டு உப்பு எதற்கென்றால், அழுத்திச் சூடாக்கும்போது ஒன்றின் குருணையை மற்றது பெருக்க விடாது. பக்கத்திலேயே நின்று முட்டுக்கட்டை போடும். பியோவும் நானும் மாதிரி.

வில்லை மங்கினால் அவன் என் பொடியைக் குறை சொல்வான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் பொடிக்குள் கொஞ்சம் ஈரமும் காற்றும் ஒட்டியிருக்கும். சூடு ஏறி அதெல்லாம் வெளியே போன பிறகுதான் அழுத்த வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டான். குளிர்ந்திருக்கும்போதே முழுப் பலத்தையும் கொடுத்துவிடுவான். ஜப்பானிலிருந்து வரும் பொடிக்கு இந்தக் கொஞ்சல் எல்லாம் தேவையில்லையாம்.

ஜூன் கடைசியில் இயக்குநர் நம்குங் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருக்கு மேசையில் இருக்கும் எதையும் விரலால் தட்டிக்கொண்டே பேசும் பழக்கம்.

"வெள்ளிக்கிழமை ராணுவத்துக்காரங்க வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரு வில்லையாவது தெளிவா இருக்கணும். இல்லேன்னா பொடியை வெளியிலேயே வாங்கிக்கலாம்னு இருக்கேன். தக் டாக்டர் ரூம்ல பியோ டாக்டரோட பழைய மெஷினைப் போட்டுடலாம்."

"ஐயா, புதுசா எடுத்த பொடி ரொம்ப நல்லா வந்திருக்கு. போன வாரம் இவர்கிட்ட ஒரு சிட்டிகை குடுத்தேன். பொத்தான் அளவுல அழுத்திப் பார்த்தாரு," என்றேன்.

இயக்குநர் பியோவைப் பார்த்தார்.

"சுமார்ங்க ஐயா," என்றான் பியோ, நகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஜப்பான் பொடி மாதிரிதான். வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்ல."

வெளியே வந்ததும், "அந்தப் பொத்தான் வில்லையைக் குடு, நானே அளந்து பார்க்கிறேன்," என்று கேட்டேன்.

"மெருகு போடும்போது உடைஞ்சுபோச்சு," என்றான்.

"உடைஞ்சுதா, உடைச்சியா?"

"உன் பொடி அவ்வளவு உறுதி. ரூம்ல இருக்கிற பானை சட்டியெல்லாம் மூட்டை கட்டி வை. எனக்குத் தரை காலியா வேணும்."

அந்த அறை எனக்கு வெறும் அறை இல்லை. அது போனால் நான் யாரோ ஒருவருடைய மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் பொடியின் விலைப்பட்டியலைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். என் வேலையே போன மாதிரி. அன்று ராத்திரி பியோவின் மூதாதையர் அத்தனை பேரையும் வரிசையாகத் திட்டிவிட்டுத்தான் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பியோவின் புது அழுத்த மெஷினுக்குப் படையல். புது மெஷின் என்றால் பன்றித் தலை வைத்துக் கும்பிடாமல் எங்கள் ஊரில் யாரும் பொத்தானை அமுக்க மாட்டார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அதிலும் குறிப்பாக மாட்டார்கள். மேசை போட்டு, வேக வைத்த பன்றித் தலை, சிவப்புப் பயறு தூவிய அரிசிப் புட்டு, நூல் சுற்றிய கருவாடு, பழம், அரிசிக் கள். தலை சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று பியோ மாசான் சந்தை வரைக்கும் போய்த் தேடி வாங்கி வந்திருந்தான். உண்மையிலேயே நன்றாகத்தான் சிரித்தது.

முந்தின நாள் மாலையே இயக்குநர் சொல்லி அனுப்பிவிட்டார்: முதலில் அழுத்தப் போகும் பொடியையும் படையலில் வைக்க வேண்டும்.

என் பொடிக்கு எமன் ஈரக்காற்று. வெளியே பருவமழை, சுவரைத் தொட்டால் கை நனைகிறது. போதாததற்கு ஆவி பறக்கும் புட்டு. இயக்குநரையும் எனக்குத் தெரியும். கள்ளுக் கிண்ணம் கையில் வந்தால் நாலு மூலைக்கும் தெளிப்பார், நடுவில் இருக்கிறதையும் விட மாட்டார். நனைந்ததை மறுபடி உலையில் போட்டு வாட்டலாம்தான், ஆனால் குருணை பெருத்துவிடும். அப்புறம் அது பொடி இல்லை, மணல்.

நல்ல பொடியை உலர்ந்த வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். அலமாரியின் அடியில் குளிர்காலத்திலிருந்து கிடந்த பழைய பொடி ஒரு குப்பி இருந்தது. ஈரமும் காற்றும் குடித்துக் குடித்துச் செத்த பொடி. அதை எடுத்துத் துடைத்துப் பன்றித் தலைக்கு முன்னால் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

நினைத்த மாதிரியே நடந்தது. இயக்குநர் மூன்று முறை விழுந்து கும்பிட்டார். எழுந்து குப்பியின் மூடியைத் திருகித் திறந்தார். "சாமி உள்ள பார்க்கட்டும்," என்று கள்ளில் விரலை நனைத்துப் பொடியின் மேல் சொட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் புட்டு புகைந்துகொண்டிருந்தது. பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக விழுந்து எழ, குப்பி திறந்தபடியே கிடந்தது. ஐயா, மூடுங்கள் என்று அந்த இடத்தில் வாயைத் திறக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வராது.

பியோவைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். படையல் அவனுடையது, ஒரு சாக்குச் சொல்லி மூடியிருக்கலாம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பன்றியின் சிரிப்பே தேவலை. நானும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள், சிரிடா மகனே சிரி என்றேன்.

பன்றித் தலையைச் சீவி உப்பு இறாலோடு சாப்பிட்டுக் கோப்பைகள் சுற்றி வந்தபோது பியோவின் இடம் காலியாக இருந்தது. ஓசிக் கள்ளை விட்டு எழுகிறவன் இல்லை அவன். சாப்பாடு முடிந்து மெஷினைத் தொடுவார்கள், அப்போது நல்ல பொடியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருந்த எனக்குச் சுருக்கென்றது. எழுந்து ஓடினேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படையல் குப்பி பக்கத்தில் காலியாகக் கிடந்தது. சூடு முந்நூறு டிகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது, அழுத்தம் வழக்கம் போல முழுசாக.

"யார் போடச் சொன்னது?"

"ஐயாதான். நல்ல நேரம் போறதுக்குள்ள போடுன்னாரு."

"அதுல கள்ளை ஊத்தினதை நீ பார்க்கலே?"

"பார்த்தேனே. நீயும்தான் பார்த்தே. நீ வாயைத் திறந்தியா? அப்புறம் நான் எதுக்குத் திறக்கணும்?" நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "வில்லை மங்கும். வெள்ளிக்கிழமை நான் ஜப்பான் பொடியில பண்ணினதை எடுத்து வெப்பேன். நீ மூட்டையைக் கட்டுவே. அவ்வளவுதான்."

இப்படி முகத்துக்கு நேரே ஒருவன் தன் கெட்ட புத்தியைப் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. கை துறுதுறுவென்றது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று முந்திக்கொண்டது.

"நிறுத்து. முதல்ல அழுத்தத்தை எடு. அது புதுப் பொடி இல்ல. குளிர்காலத்துச் செத்த பொடி. உள்ள பூரா ஈரமும் வாயுவும். இந்தச் சூட்டுல மொத்தமும் ஒண்ணாக் கிளம்பும், வெளியே போக வழியில்ல. வெடிச்சுடும்."

"அடேங்கப்பா."

"நல்ல பொடி என் பெட்டியில இருக்கு. சத்தியமா."

"நல்ல கதை. நான் மெஷினை நிறுத்தணும், முதல் ஓட்டமே பாழ்னு ஐயாகிட்ட நீ போய்ச் சொல்லணும். உன்னை எனக்குத் தெரியாதா?"

நான் நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன். அவன் குறுக்கே கையைப் போட்டுத் தடுத்தான். அந்த நேரத்தில் உள்ளே இடி இடித்தது போல ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. எண்கள் எல்லாம் சரிந்தன. கிராஃபைட் அச்சு பிளந்து, சூடேற்றும் கம்பிகளில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. கெடுவான் கேடு நினைப்பான் என்பது சரிதான். ஆனால் கெடுவது அவன் ஒருவன் மட்டும் இல்லையே.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள். இயக்குநரின் கையில் இன்னும் புட்டுத் துண்டு இருந்தது.

பியோ மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "ஐயா, இவங்க சாமிக்குப் போலியை வெச்சிருக்காங்க. கெட்டுப்போன பழைய பொடி. இவங்களே சொன்னாங்க."

கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். என் பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளிப் போனார்கள். எல்லோரும் வெளிநாட்டில் படித்தவர்கள்.

"உண்மையா?" என்றார் இயக்குநர்.

"உண்மை ஐயா. நீங்க கள்ளைத் தெளிப்பீங்கன்னு தெரியும். தெளிச்சீங்க. நல்ல பொடியை வெச்சிருந்தா இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணுமே மிஞ்சியிருக்காது."

அவர் முகம் கறுத்தது. விரல் தட்டுவதற்கு மேசை இல்லாமல் தன் தொடையில் தட்டினார். "படையல்ல பொய்யை வெச்சா மெஷின் வெடிக்காம என்ன பண்ணும்? போதும். அந்த ரூமை இன்னைக்கே காலி பண்ணுங்க. அந்த நல்ல பொடியைப் பியோ டாக்டர்கிட்ட குடுங்க. பழைய மெஷின்ல அழுத்தட்டும்."

"ரூம் இல்ல, ஆனா என் பொடி மட்டும் வேணுமா?"

"ஆய்வகத்துப் பொடி அது. உங்க வீட்டுச் சொத்து இல்ல."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. விடுவிடுவென்று மாடியேறினேன். பெட்டியின் சின்னக் கதவு வழியாகக் குப்பியை வெளியே எடுத்தேன். இயக்குநரும் பியோவும் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் பாதி ஆய்வகம். நான் ஜன்னலைத் திறந்து குப்பியை மழைக்குள் நீட்டினேன். மூன்றாவது மாடி. மூடியின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

"ரூம் என்னோடதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா இது கீழே சாக்கடையில போகும்."

"மிரட்டுறீங்களா?" என்றார் இயக்குநர். "கொட்டுங்க. பியோ டாக்டர்தான் சொன்னாரே, ஜப்பான் பொடி மாதிரிதான் அதுவும். கொட்டிட்டு இறங்கிப் போங்க."

நான் மணிக்கட்டைத் திருப்பினேன்.

"கொட்டாதே!" என்று ஒரு கூச்சல். பியோ. "கொட்டாதேடீ! ஜப்பான்ல இல்ல, எங்கேயும் அப்படி ஒரு பொடி கிடையாது!"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மெஷின் போயிற்று. வெள்ளிக்கிழமைக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் போனால் அவன் தலையும் போகும். ஜப்பான் பொடியில் செய்த வில்லை எந்த அழகில் இருக்கும் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

இயக்குநர் மெதுவாகத் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஐயா..."

"சுமார்னு சொன்னது யாரு?"

பியோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பொத்தான் வில்லை உடையல ஐயா. என் மேசையில இருக்கு. நாலு தடவை அளந்தேன். அளக்கிற மெஷின்தான் தப்பாக் காட்டுதுன்னு நினைச்சேன். அவ்வளவு கதிரை விடுற வில்லையை நான் பார்த்ததே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மானங்கெட்ட அழுகை, அத்தனை பேர் முன்னால். இத்தனை வருடத்தில் என் பொடியைப் பாராட்டியவர்கள் உண்டு. எல்லாம் மரியாதைக்குச் சொன்னது. அவர்களுக்கு அதன் அருமை தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும். அந்த ஒரு சொல் இவன் வாயிலிருந்தா வர வேண்டும்? அதுவும் பயத்தில் வந்த உண்மை. பாராட்டு இல்லை, உயிர் பிழைக்கிற கத்தல். இருந்தும் நான் அழுதேன்.

"ஜன்னலைச் சாத்துங்க," என்றார் இயக்குநர். "ரூம் இருக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து வில்லையைப் பண்ணுங்க. பியோ டாக்டர், அதுக்கப்புறம் நீங்க என் ரூமுக்கு வாங்க."

பழைய மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஈரமும் வாயுவும் முழுசாக வெளியேறும்வரை அவன் கையை அழுத்தத்தின் பக்கம் விடவில்லை.

"இப்போவா?"

"இல்ல."

"இப்போ?"

"கையை எடு."

பிறகு வில்லையைக் காற்றுப் புகும் உலையில் வாட்டி, மெருகு போட்டோம். வெள்ளிக்கிழமை ராணுவத்து அதிகாரி ஒருவர் வில்லைக்குப் பின்னால் தன் கையை வைத்தார். வெறும் கண்ணுக்கு மங்கலான வெள்ளைத் தட்டு. சூட்டைப் பார்க்கும் கேமராவின் திரையிலோ ஐந்து விரலும் தெளிவாக எரிந்தன, மோதிரம் கறுப்பாகத் தெரிந்தது. "நடுவுல தட்டு இருக்கா, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் அவர். இயக்குநர் சிரித்த சிரிப்பு தாழ்வாரம் வரைக்கும் கேட்டது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பியோ வில்லையைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். இயக்குநரின் அறையில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

"மெஷினைக் காப்பாத்திக்கறதுக்காகக் கத்தினதுதான் அதெல்லாம்," என்றான். "பெருசா நினைச்சுக்காதே."

"மெஷின் ஏற்கெனவே செத்துப்போச்சு. உன்னைக் காப்பாத்திக்கறதுக்காகக் கத்தினே. தெரியும்."

பெட்டியை மூடினான். "அன்னைக்கு நெசமாவே கொட்டியிருப்பியா?"

"கொட்டியிருப்பேன். நீ ஒரு நொடி லேட்டாக் கத்தியிருந்தா சாக்கடையைத்தான் வழிச்சிருக்கணும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பொய் சொன்னேன். அந்த மூடியை நான் திருகவே இல்லை. மணிக்கட்டை எவ்வளவு திருப்பினாலும் ஒரு சிட்டிகை விழாதபடி, இறுக்கி மூடி வைத்துத்தான் மழையில் நீட்டியிருந்தேன். என் கையால் அதை என்னால் கொட்ட முடியாது, குழந்தையைக் கொட்டுவது மாதிரி. ஆனால் இது பியோவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த திங்கட்கிழமையே என் அறையைக் கேட்டு வந்து நிற்பான்.